நாத்தனாரின் ரேங்க்குக்காக என் வளையல்கள் அடகில் இருக்கின்றன

கேள்வி: கொளத்தூரில் வசிக்கிறோம். எனக்கு வயது 38. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை, சம்பளம் 28,000 ரூபாய். 14 மாதங்களுக்கு முன் என் நாத்தனார் என்னை ஓர் எம்.எல்.எம். (ஆளுக்குக் கீழ் ஆள் சேர்த்துப் பொருள் விற்கும்) நிறுவனத்தில் சேர்த்துவிட்டார். ஸ்டார்ட்டர் கிட் 12,500 ரூபாய். ரேங்க், அதாவது நிறுவனத்தில் என் படிநிலை, நிலைக்க மாதம் 9,000 ரூபாய்க்குப் பொருள் எடுக்க வேண்டும். சம்பளத்திலிருந்து 3,000 போடுகிறேன். மீதிக்கு வளையல்களை அடகு வைத்தேன். நகைக்கடன் இப்போது 75,000 ரூபாய், 22 சதவீத வட்டி. மீட்டிங், பெங்களூரு பயணம் என்று 13,500 ரூபாய் செலவாகியிருக்கிறது. கமிஷனாக இதுவரை 18,400 வந்திருக்கிறது. வெளியாட்களுக்கு 21,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறேன். ஆபீஸ் தோழி ஒருவரையும் பக்கத்து பிளாட் பெண்ணையும் சேர்த்துவிட்டேன். பீரோவில் 11 புரோட்டீன் பவுடர் டின்கள் இருக்கின்றன, அதில் இரண்டு ஏப்ரலில் காலாவதி. இப்போது நாத்தனார், "தாலிக்கொடியை வச்சு காயின் பேக்கேஜுக்கு மாறிடு, விட்டதை எடுத்துடலாம்" என்கிறார். எம்.எல்.எம். என்பது நிஜமான தொழிலா, மோசடியா?

பதில்: சகோதரி, முதலில் ஒன்று. தாலிக்கொடி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடை இல்லாமல் ஆட்கள் மூலம் பொருள் விற்பதை நேரடி விற்பனை என்பார்கள், எம்.எல்.எம். அதில் ஒரு வகை. அது சட்டப்படி நடக்கும் தொழில்தான். அதற்கென்று 2021 டிசம்பரில் மத்திய அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. நேரடி விற்பனை என்ற போர்வையில் பிரமிடு திட்டம், அதாவது ஆள் சேர்ப்பதை வைத்தே பணம் தரும் திட்டம், நடத்துவதையும் ஆள் சேர்ப்பதையும் அதே விதிகள் தடை செய்கின்றன. புதிதாகச் சேர்பவர் பணத்தை முன்பு சேர்ந்தவருக்குக் கொடுத்து ஓடும் பணச்சுழற்சித் திட்டங்களுக்கு 1978-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. உங்கள் நிறுவனம் எந்தப் பக்கம் என்று ஒப்பந்தத்தைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஆனால் கமிஷன் பணம் யார் பையிலிருந்து வருகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். வெளியே இருப்பவர் பொருள் பிடித்து வாங்கினால் அது விற்பனை. உள்ளே இருப்பவர்களே ரேங்க்குக்காக வாங்கிக்கொண்டிருந்தால், புதிதாக ஆள் வரும் வரைதான் அது ஓடும். ஆளுக்கு ஆறு பேர் என்று சேர்த்துப் போங்கள், பத்தாவது படியில் 6 கோடி பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7.21 கோடி.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. ஆபீஸில் எத்தனையோ லெட்ஜர் பார்க்கிறீர்கள். இதை மட்டும் ஏன் எழுதிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். பொருளுக்கு 14 மாதத்தில் 1,26,000. கிட், மீட்டிங், பயணம் சேர்த்து 26,000. ஆக, போனது 1,52,000. வந்தது என்ன? கமிஷன் 18,400, விற்பனை 21,000. வீட்டில் பயன்படுத்திய பேஸ்ட், ஷாம்பூவைக் கடை விலைக்கு மாதம் 800 என்று வைத்தால் 11,200. கூட்டினால் 50,600. வட்டியைச் சேர்க்காமலே ஒரு லட்சத்துக்கு மேல் துண்டு விழுகிறது.

இன்னொரு கணக்கைப் பாருங்கள், என்னைக் கலங்க வைத்தது இதுதான். 75,000 ரூபாய்க்கு 22 சதவீதம் என்றால் மாத வட்டி 1,375. உங்கள் சராசரி மாதக் கமிஷன் 1,314. வரும் கமிஷன், அதற்காக வாங்கிய கடனின் வட்டிக்கே போதவில்லை.

உங்கள் தெருமுனை மளிகைக்கடைக்காரர் 9,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்து 1,500 ரூபாய்க்குத்தான் விற்றது என்றால், அடுத்த மாதம் கொள்முதலைக் குறைப்பார். நீங்கள் குறைக்க முடியாது, குறைத்தால் ரேங்க் போய்விடும். விற்காவிட்டாலும் வாங்கியே ஆக வேண்டும் என்ற இந்த ஒரு பழக்கம்தான் உங்கள் வளையல்களைக் கொண்டுபோயிருக்கிறது. மாதக் கடைசியில் நாத்தனார் போன் செய்து, "ஆறாயிரம்தான் குறையுது, உன்னால என் ரேங்க்கும் இறங்கிடும்" என்பார், இல்லையா? இந்த மாதிரி வீடுகளில் அந்த போன் வராத மாதக் கடைசியை நான் பார்த்ததில்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவருக்கும் மேலே ஒருவர் அதே நாளில் போன் செய்திருப்பார்.

இந்த மாதம் பொருள் எடுக்காதீர்கள். ரேங்க் இறங்கட்டும். இதை நாத்தனாரிடம் உங்கள் கணவர் சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல. மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் எழுதி இன்று இரவே கணவரிடம் காட்டுங்கள். கடன் முழுத் தொகை அவருக்குத் தெரியுமா என்பது பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. தெரியாவிட்டால் இதை விட நல்ல நேரம் வராது.

அடுத்து நகைக்கடன். அதே வளையல்களுக்குப் பொதுத்துறை வங்கிகளில் 10 சதவீதத்தை ஒட்டிய வட்டியில் கடன் கிடைக்கும். நேரில் போய் விசாரியுங்கள், இடையிடையே அசலைக் கட்ட அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். வட்டி மாதம் 625-க்கு இறங்கும். இப்போது நீங்கள் போடும் 3,000, வட்டிக்குக் கட்டும் 1,375 இரண்டையும் சேர்த்து, வீட்டுச் சாமானுக்கு 800 கழித்தால் சுமார் 3,500 கையில் நிற்கும். அதை மாதா மாதம் கட்டினால் இரண்டு வருடத்தில் வளையல்கள் வீட்டுக்கு வந்துவிடும். தீபாவளி போனஸையும் இதிலேயே போட்டால் இன்னும் சீக்கிரம் வரும். வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போவது வேண்டவே வேண்டாம்.

காயின் பேக்கேஜ் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. கிரிப்டோவில் லாபம் வந்தால் 30 சதவீத வரி, நஷ்டம் வந்தால் வேறு எந்த வருமானத்திலும் கழிக்க முடியாது. இது நிஜமாகவே சந்தையில் விற்கும் காயினுக்கு. ஒரு கம்பெனி தானே அச்சடித்து தன் ஆட்களுக்கே விற்கும் காயினுக்கு வெளியே வாங்குவார் யாரும் இருக்க மாட்டார்கள். விட்ட இடத்திலேயே எடுக்கலாம் என்ற பேச்சை, அதிக வட்டி ஆசை காட்டிப் பணம் வசூலித்த ஆருத்ரா விவகாரத்தைப் பார்த்த சென்னையில் இன்னுமா நம்புகிறோம்?

நீங்கள் சேர்த்துவிட்ட இருவரிடமும் இந்த வாரமே பேசுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். உங்கள் முகத்துக்காகத்தான் அவர்கள் 12,500 கட்டினார்கள், நகை எதுவும் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 1978 சட்டம் பணச்சுழற்சித் திட்டத்தை நடத்துபவரோடு நிற்கவில்லை, அதில் ஆள் சேர்ப்பதும் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. இனி ஒருவரைக்கூடச் சேர்க்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் சரக்கைத் திருப்பி எடுக்கும் விதியைத் தேடி, நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள், வாட்ஸ்அப் பேச்சு வேண்டாம். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவரை எந்த டின்னின் சீலையும் உடைக்க வேண்டாம், பில்களை ஒரு கவரில் போட்டு டின்களோடு வையுங்கள். ஏப்ரலில் காலாவதியாகும் அந்த இரண்டையும் முதலில் அனுப்புங்கள்.