பழைய ஸ்போர்ட்ஸ் கார் அரிய மாடல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உதிரி பாகங்கள் சிங்கப்பூரில் கிடைக்குமா?

கேள்வி: தாத்தா விட்டுப்போன டாட்சன் ஃபேர்லேடி எங்களிடம் இருக்கிறது. பின்னால் 2000 என்று போட்டிருக்கிறது. அது உண்மைதானா? பாகங்களுக்கு எங்கே போவது?

முதலில் அந்த 2000-ஐ மறந்துவிடுங்கள். அது வெறும் பேட்ஜ், யார் வேண்டுமானாலும் மாட்டலாம். என் சித்தப்பா அதை நம்பித்தான் ஒரு ஃபேர்லேடி வாங்கினார். வண்டி வந்த அன்று பானெட்டைத் திறந்து பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. "என்னடா, பேச்சே காணோம்?" என்றார். உள்ளே இருந்தது 1600 சிசி, சின்ன என்ஜின்.

நான் கார் மெக்கானிக் இல்லை. ஜூரோங்கில் இருபது வருடத்துக்கு மேலாக ஃபோர்க்லிஃப்ட் பழுதுபார்க்கிறேன். ஆனால் இந்த ஒரு கார் விஷயத்தில் அந்த அனுபவம் கை கொடுத்தது. ஏன் என்று சொல்கிறேன்.

என்ஜின் அறையில் இருக்கும் தகட்டில் சேஸி எண், அதாவது வண்டியின் அடையாள எண், எஸ்பி311 என்று தொடங்கினால் அது 1600. எஸ்ஆர்311 என்றால்தான் 2000, அது 1967 முதல் 1970 வரை மட்டுமே வந்தது. இடையில் ஓர் எல் சேர்ந்து எஸ்பிஎல், எஸ்ஆர்எல் என்று இருந்தால் இடது பக்க ஸ்டியரிங் வண்டி. தகட்டையும் மாற்றிவிடுவார்கள் என்று சந்தேகமா? அப்போது என்ஜின் பிளாக்கில் குத்தியிருக்கும் எண்ணைத் துடைத்துப் பாருங்கள். 1600-இன் என்ஜின் ஆர்16, அதன் எண் ஆர் என்று தொடங்கும்; 2000-க்கு யு20. அதுவும் அழிந்திருந்தால் ஹெட்டின் மேல்மூடியைக் கழற்றுங்கள். யு20-இல் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் ஹெட்டுக்குள்ளேயே இருக்கும். ஆர்16-இல் கேம் கீழே பிளாக்கில் இருப்பதால், வால்வை அழுத்தும் ராக்கரைத் தள்ள கீழிருந்து மெல்லிய கம்பிகள் வரும். கியரும் ஒரு சாட்சி: 2000-க்கு ஐந்து, 1600-க்கு நான்கு. முன்கண்ணாடியை வைத்து ஆண்டைத்தான் ஊகிக்கலாம், 1968 மாடலிலிருந்து அது உயரமாகிவிட்டது.

சரி, பாகங்கள். ஸ்போர்ட்ஸ் கார் அரிதாக இருக்கலாம், அதன் உள்ளுறுப்புகள் எல்லாம் அரிதல்ல. தொழிற்சாலைக்காரன் ஒவ்வொன்றையும் புதிதாகச் செய்யமாட்டான், தன் லாரியிலும் டாக்சியிலும் இருப்பதையே எடுத்து மாட்டுவான். யு20-இன் அடிப்பாகம், டாட்சனைச் செய்த நிசானின் எச்20 என்ஜின் வழி வந்தது. இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 87.2 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 83 மிமீ, கொள்ளளவு 1,982 சிசி. அந்த எச்20-ஐத்தான் நிசான் ஃபோர்க்லிஃப்டில் பல வருடம் கழற்றி மாட்டினேன்! 1600-க்கும் விட்டம் அதே 87.2, ஸ்ட்ரோக் மட்டும் 66.8. ஆகவே காருக்கென்று தேடி அலுத்தால், துவாஸ் பக்கம் பழைய ஃபோர்க்லிஃப்ட் பார்க்கும் பட்டறைகளில் விசாரியுங்கள். பழைய பாகத்தையும் அளக்க வெர்னியர் அளவுகோலையும் கையோடு கொண்டு போங்கள். விட்டம் ஒன்றுதானே என்று பிஸ்டன் ரிங் செட் வாங்கிவிடாதீர்கள், பிஸ்டனில் பள்ளத்தின் அகலத்தையும் அளக்க வேண்டும்.

ஆனால் ஃபோர்க்லிஃப்ட் அறிவு ஓர் இடத்தில் என்னைக் கவிழ்த்தது. சித்தப்பா வண்டியின் பின் பிரேக் வீல் சிலிண்டருக்கு அளவு சரியாக இருக்கிறதே என்று ஹைட்ராலிக் சீல் கடையிலிருந்து ரப்பர் வாங்கிப் போட்டேன். அது மினரல் ஆயிலுக்கான நைட்ரில் வகை ரப்பர். கார்களின் பிரேக் ஃபுளூயிட் வேறு வகை, அதில் நைட்ரில் ஊறி உப்பிவிடும். மூன்றாவது வாரம் அப்பர் புக்கிட் தீமா சாலையில் பின்சக்கரம் இறுகிப் பிடித்துப் புகை வந்தது. சித்தப்பா ஓரமாக நிறுத்திவிட்டு எனக்கு ஃபோன் செய்து பேசியதை இங்கே எழுத முடியாது. பிரேக்குக்கு இபிடிஎம் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள்.

ஜொகூரில் ஹாஃப்கட் (பாகங்களுக்காகப் பாதியாக வெட்டி விற்கும் பழைய வண்டி) தேடலாம் என்று பலர் சொல்வார்கள். இத்தனை பழைய வண்டிக்கு அது வீண் அலைச்சல். இந்தக் கார்கள் அதிகம் போனது அமெரிக்காவுக்கு, அங்கே இதற்கென்றே பாகம் விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஸ்டியரிங், வைப்பர் போன்ற பக்கம் சார்ந்த சாமான்களை ஆஸ்திரேலியாவில் கேளுங்கள், அவர்களும் நம்மைப் போல வலது பக்கம். அனுப்பும் செலவோடு 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும்.

இதை வேறு காருக்காகப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எண் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எம்ஜி டிசி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் சேஸி எண் 0251-இல் தொடங்கும், ஏனென்றால் எம்ஜியின் ஆபிங்டன் தொழிற்சாலையின் தொலைபேசி எண் 251! அந்த என்ஜினில் மரை மெட்ரிக், போல்ட் தலை மட்டும் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. கண்ட ஸ்பேனரைப் போட்டுத் தலையைத் தேய்த்துவிடாதீர்கள்.

பாகம் வாங்குவதற்கு முன், உங்கள் வண்டியின் பதிவு எந்த நிலையில் இருக்கிறது என்று நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேளுங்கள். 35 வருடம் தாண்டியவற்றுக்கு கிளாசிக் திட்டம் உண்டு, அதில் வருடத்துக்கு 45 நாள்தான் ஓட்டலாம். பிறகு சேஸி எண் தகட்டைப் படமெடுத்து இங்கே போடுங்கள், கடைசி மூன்று இலக்கத்தை மறைத்துவிட்டு. முன்னெழுத்து தெரிந்தால் போதும், சொல்லிவிடலாம்.