பாராட்டு மேடையில் என்ன பேசுவது?

கேள்வி: அக்கா, என் தங்கை மகள் 13 வயதில் கராத்தே சண்டைப் பிரிவில் தங்கம் வாங்கியிருக்கிறாள். பாராட்டு விழாவில் தாய்மாமன் என்று என்னைப் பேசச் சொல்கிறார்கள். எனக்குக் கராத்தே பற்றி ஒன்றும் தெரியாது. என்ன பேசட்டும்?

பதில்: தம்பி, முதலில் அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். கடைசிச் சண்டையில் எந்த அடிக்குப் புள்ளி விழுந்தது என்று கேளுங்கள். கையால் குத்தினால் 1, உடம்பில் உதைத்தால் 2, தலைக்கு உதைத்தால் 3. அந்த 3 புள்ளி உதைதான் கஷ்டம். கால் முழு வேகத்தில் முகம் வரைக்கும் போகணும், எதிராளிக்குக் காயம் படாமல் திரும்பணும். பலமாகப் பட்டுவிட்டால் புள்ளி கிடைக்காது, தண்டனைதான். பல வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தக் கட்டுப்பாடு வருவதற்குள் எத்தனை பேர் அழுதுகொண்டே வகுப்பை விட்டுப் போயிருக்கிறார்கள்! அதை மேடையில் விளக்கிச் சொல்லுங்கள். 'சிங்கப்பெண்' எல்லாம் வேண்டாம், அதை எல்லாரும் சொல்வார்கள்.

அவள் பெல்ட்டையும் ஒரு தடவை கையில் வாங்கிப் பாருங்கள். பயிற்சிக்குக் கட்டிக் கட்டி முடிச்சு விழும் இடம் நைந்து, உள்ளே வெள்ளை நூல் தெரியும்.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கட்டா பிரிவில் (எதிராளி இல்லாமல் தனியாக அசைவுகளைச் செய்து காட்டுவது) தங்கம் வென்ற ஜப்பான் வீரர் ரியோ கியுனா, மறைந்த தன் அம்மாவின் படத்தோடு மேடை ஏறினார். உங்கள் பெண்ணுக்கும் அப்படி யாராவது இருப்பார்கள். தினமும் எதிரே நின்று அவளிடம் அடி வாங்கிப் பழக்கிய தோழி யார் என்று விசாரியுங்கள். அந்தப் பிள்ளையையும் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிடுங்கள், தம்பி.