வேலை போனது அவருக்கு, சாப்பாடு இறங்காதது இவருக்கு

கேள்வி: என் கணவர் லண்டனில் இருக்கும் டாட்டன்ஹாம் கால்பந்து கிளப்பின் தீவிர ரசிகர். 2025 ஜூனில் அந்த டீமின் மேனேஜரை, அதாவது தலைமைப் பயிற்சியாளரை, நீக்கிவிட்டார்கள் என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதே வருஷம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, நான் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தபோது, அதே ஆளை வேறொரு கிளப்பும் அனுப்பிவிட்டது என்று மறுபடியும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். எதிரி கிளப்பான ஆர்சனலின் ரசிகரான என் கொழுந்தனார் கிண்டல் செய்ய, பண்டிகை அன்று அண்ணனும் தம்பியும் பேசவே இல்லை. “அந்த ஆள் என்ன நமக்கு மாமனா மச்சானா?” என்று கேட்டேன், என் மேலும் கோபம். இதற்கெல்லாமா ஒரு மனுஷன் துக்கம் அனுசரிப்பான்?
- வாசகி, கோவை

பதில்: அனுசரிப்பான். நானும் கால்பந்துப் பைத்தியம்தான், அதனால் தயங்காமல் சொல்கிறேன்.

நடந்தது என்னவென்று உங்கள் வீட்டுக்காரர் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார். அந்த மேனேஜர் பெயர் ஆஞ்ச் போஸ்டகோக்லு. ஏதென்ஸில் பிறந்து சின்ன வயதிலேயே குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனவர். “நான் எப்போதும் இரண்டாவது வருஷத்தில் கோப்பை ஜெயிப்பேன்” என்று அவர் சொல்ல, ஊரே சிரித்தது. டாட்டன்ஹாம் அதற்கு முன் கடைசியாக ஒரு கோப்பையைத் தொட்டது 2008இல், ஐரோப்பியக் கோப்பை என்றால் 1984இல். சரி, 2025 மே மாதம் ஸ்பெயினின் பில்பாவோவில், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக் ஃபைனல். மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று ஜெயித்தார்கள். நம்மூரில் அப்போது மணி ராத்திரி இரண்டரை இருக்கும், உங்கள் வீட்டில் யாரோ கத்தினார்களே, நினைவிருக்கிறதா? சொன்ன சொல்லைக் காப்பாற்றிய மனுஷனை, பதினாறே நாளில், அதுவும் அவரை நியமித்து சரியாக இரண்டு வருஷம் முடிந்த அன்று, ஜூன் 6ஆம் தேதி, போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, உங்கள் கணவரைக் குடைவது அதுதான் என்று நினைக்கிறேன். அந்த சீசனில் இங்கிலாந்து லீக்கில் 38 ஆட்டத்தில் 22 தோல்வி. இருபது டீமில் பதினேழாவது இடம், அதற்குக் கீழே போனால் அடுத்த டிவிஷன்தான். கம்பெனி கணக்குப்படி பார்த்தால் எந்த முதலாளியும் அனுப்பத்தான் செய்வான். இது உங்கள் கணவருக்கும் தெரியும், ஜனவரி பிப்ரவரியில் டீவி முன்னால் உட்கார்ந்து “இந்த ஆளைத் தூக்குங்கடா” என்று அவரே கூட சொல்லியிருப்பார் (கேட்டுப் பாருங்கள், மழுப்புவார்). முடிவு தப்பு என்று அடித்துச் சொல்லவும் வாயில்லை, சரி என்று ஒப்புக்கொள்ளவும் மனசில்லை. அநியாயம் என்று தெளிவாகத் தெரிந்தால் நாலு வசவு வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடலாம். இங்கே அதற்கும் வழியில்லை.

போதாததற்கு அந்த கிளப்புக்கு இது பழக்கம் வேறு. 2008இல் கோப்பை வாங்கித் தந்த மேனேஜர் ஹுவாண்டே ராமோஸை அதே வருஷம் அக்டோபரில் அனுப்பினார்கள். ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் ஃபைனல் வரை கூட்டிக்கொண்டு போன பொச்செட்டினோவுக்கு அதற்குப் பிறகு வேலை ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. மொரீன்யோவை 2021இல் கோப்பை ஃபைனலுக்கு ஆறு நாள் முன்னால் தூக்கினார்கள், இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.  கடைசியில் இத்தனை பேரை அனுப்பிய சேர்மன் டேனியல் லெவியே 2025 செப்டம்பரில் போய்விட்டார்.

அப்புறம் அந்த தீபாவளி சனிக்கிழமை. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என்ற இன்னொரு இங்கிலாந்து கிளப் போஸ்டகோக்லுவை வேலைக்கு எடுத்து 39 நாள்தான் ஆகியிருந்தது. எட்டு ஆட்டம், ஒரு வெற்றிகூட இல்லை. செல்சியிடம் 3-0 என்று தோற்று ஆட்டம் முடிந்த பதினெட்டாவது நிமிஷம் அறிவிப்பு வந்துவிட்டது. நீங்கள் இரண்டு மூன்று ஈடு முறுக்கு எடுப்பதற்குள் ஒருவருடைய வேலை போய்விட்டது. அவருக்கு அதனால் சோற்றுக்குப் பஞ்சம் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் பில்பாவோ ராத்திரியைக் கொடுத்தவரை இப்படி ஊரே கேலி செய்யும்போது உங்கள் கணவருக்கு வலிக்கிறது.

அதனால் “மாமனா மச்சானா” கேள்வியை விட்டுவிடுங்கள். பதிலாக, “அந்த ஃபைனல்ல கோல் கோட்டுக்கிட்ட ஒருத்தன் அந்தரத்தில பந்தைத் தட்டிவிட்டானாமே, அது எப்படி?” என்று கேளுங்கள். டாட்டன்ஹாம் டிஃபெண்டர் வான் டி வென் கோலைத் தடுத்தது அது. அரை மணி நேரம் பேசுவார், நீங்கள் பாதி கேட்டால் போதும். ஆனால் கோபத்தை உங்கள் மேல் காட்டியதும் நல்ல நாளில் தம்பியோடு பேசாமல் இருந்ததும் வேறு கணக்கு. அதற்கு டாட்டன்ஹாமைச் சாக்குச் சொல்ல முடியாது, நேராக உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள், போனில் தம்பியைக் கூப்பிட்டுப் பேச வையுங்கள்.

கொழுந்தனார் மறுபடி வாயைத் திறந்தால் ‘2004’ என்று மட்டும் சொல்லுங்கள். ஆர்சனல் லீக் ஜெயித்த வருஷம் அது, அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். அதற்குப் பிறகு வருகிற சண்டைக்கு எனக்குக் கடிதம் போடாதீர்கள்.