பழைய கார் வாங்கப் போகிறேன், ஏமாறாமல் இருக்க எதைப் பார்க்க வேண்டும்?

முதல்முறையாகப் பழைய கார் வாங்கப் போவதாகவும், இன்ஜின் பற்றி ஒன்றும் தெரியாது என்றும், விற்பவர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதுவரை மூன்று கார்கள் வாங்கியிருக்கிறேன். மூன்றும் பழையவைதான். முதல் கார் கற்றுக்கொடுத்ததை முதலில் சொல்கிறேன்.

அந்தக் காரைப் பார்க்க வேலை முடிந்து மாலை ஏழு மணிக்குப் போனேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோதே வண்டி ஸ்டார்ட் செய்யப்பட்டு வாசலில் தயாராக நின்றது. ஈரத்தில் விளக்கு வெளிச்சம் பட்டுப் புதுவண்டி போல மின்னியது. சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது. மழைக் குளிருக்கு அப்படித்தான் வரும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு அன்றே முன்பணம் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு மேட்டில் ஏறும்போது இன்ஜின் வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பின் இருக்கையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வண்டியை ஓரங்கட்டி, அணைத்துவிட்டு, உதவிக்குக் காத்திருந்தோம். மறுநாள் மெக்கானிக் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்துக் கவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தார். அதன் அடிப்பக்கம் முழுவதும் வெண்ணெய் போன்ற ஒரு பழுப்பு நிறக் குழைவு ஒட்டியிருந்தது. இன்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போய், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஆயிலோடு கலந்திருந்தது. “வாங்கும் முன் இதைத் திறந்து பார்த்தீர்களா சார்?” என்று கேட்டார். அந்த மூடியைத் திறக்கக் கருவி எதுவும் வேண்டாம். விரல் போதும்.

அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: காரைப் பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நாளில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். “நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்” என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் மரியாதையாகச் சொல்லிவிட்டு இன்னொரு நாள் வாருங்கள். சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். தேய்ந்த பாகங்களின் தடதடப்பும், கஷ்டப்பட்டு ஸ்டார்ட் ஆவதும், ஸ்டார்ட் ஆனவுடன் சில நொடிகள் மட்டும் தலைகாட்டும் நீலப் புகையும் குளிர்ந்த நிலையில்தான் வெளிப்படும்.

புகையின் நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அளவுக்கு மீறிப் போகிறது. குளிர்ந்த காலையில் மெல்லிய வெண்ணிற ஆவி வந்து ஓரிரு நிமிடங்களில் மறைவது இயல்பு. இன்ஜின் சூடான பிறகும் அடர்த்தியான வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது என்று பொருள். ஆயில் மூடியின் அடியில் சிறிதளவு வெண்மை படிந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். குளிர்காலத்தில் சிறு தூரமே ஓடும் வண்டிகளிலும் அது படியும். ஆயில் அளவுக் குச்சியையும் கூலன்ட் தொட்டியையும் சேர்த்துப் பாருங்கள். தொட்டியில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

அடுத்து சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பி, இன்ஜினை இயக்காமல், டேஷ்போர்டு விளக்குகளைக் கவனியுங்கள். இன்ஜின் விளக்கு, காற்றுப்பை (ஏர்பேக்) விளக்கு, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் விளக்கு எல்லாம் முதலில் எரிய வேண்டும். காற்றுப்பை விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் சில நொடிகளில் அணைந்துவிடும், இன்ஜின் விளக்கு வண்டி இயங்கத் தொடங்கியதும் அணையும். அணையாமல் எரிந்தால் பழுது இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எரியவே எரியாத விளக்கைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். வெடித்த காற்றுப்பையை மாற்றாமல், அதைக் காட்டிக்கொடுக்கும் விளக்கை மட்டும் துண்டித்து விற்பவர்கள் உண்டு. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

ஸ்கேனர் கருவி வைத்திருக்கும் மெக்கானிக் கிடைத்தால் காரின் கணினியில் பதிவான பழுதுக் குறியீடுகளைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு குறியீடும் இல்லை என்றதும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். உங்களுக்குக் காட்டுவதற்கு முந்தைய நாள் அவற்றை அழித்திருக்கலாம். அப்படி அழித்தால் காரின் சுயபரிசோதனைகளும் ‘இன்னும் நிறைவடையவில்லை’ என்ற நிலைக்குத் திரும்பிவிடும். அவை மீண்டும் நிறைவடையப் பெரும்பாலும் சில நாள் ஓட்டம் தேவை. எனவே “சுயபரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா?” என்றும் கேளுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இப்படி ஆகும். பேட்டரி புதிதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டரில் இருக்கும் கிலோமீட்டர் எண்ணை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். அதைத் திருத்த முடியும். பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டீயரிங்கின் தேய்மானம், ஓட்டுநர் இருக்கையில் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பு ஆகியவற்றையும் கூடவே திருத்துவது அவ்வளவு எளிதல்ல. முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது என்று சொல்லும் வண்டியின் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள். ஒவ்வொரு ரசீதிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும், அவை வரிசையாக ஏறுகின்றனவா என்று பாருங்கள். மிகக் குறைவாக ஓடிய வண்டி என்பதற்காக மயங்கவும் வேண்டாம். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் ரப்பர் குழாய்களும் டயரும் ஓடாமலேயே கெட்டுப்போகும்.

டயர் நிறையப் பேசும். பக்கவாட்டில் ‘டாட்’ (DOT) என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. நான்கு டயர்களின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்கள் நிற்கும் கோணம் (வீல் அலைன்மென்ட்) கெட்டிருக்கிறது, அல்லது குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனில் கோளாறு. சில நேரம் அது பழைய விபத்தின் தடயமாகவும் இருக்கும்.

விபத்தை வேறு வழியிலும் கண்டுபிடிக்கலாம். காரின் ஒரு மூலையில் குனிந்து நின்று பக்கவாட்டு நெடுகப் பார்வையை ஓட்டுங்கள். வெளிச்சம் விழும் கோடு எங்காவது நெளிந்தால் அங்கே டிங்கரிங் வேலை நடந்திருக்கிறது. கதவுகளுக்கும் பானெட்டுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கதவு ரப்பரை மெல்ல விலக்கிப் பாருங்கள், அதில் பெயிண்ட் துளிகள் தெரிந்தால் பிறகு பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சிறிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப் போவேன். இரும்புத் தகட்டில் ஒட்டும், கனமாகப் பட்டி பூசிய இடத்தில் நழுவும். அலுமினியம், பிளாஸ்டிக் பாகங்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. பின்பக்கம் உரசி சரிசெய்த வண்டி பெரிய குற்றமல்ல. கேட்டபோது “ஒன்றுமே ஆகவில்லை” என்று விற்பவர் சொல்லியிருந்தால்தான் அவர் சொன்ன மற்றவற்றையும் நான் சந்தேகிப்பேன்.

வெள்ளத்தில் மூழ்கிய காரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். கழுவும்போது பலரும் மறக்கும் இடம் அது. அடியில் நீர்க்கறையோ சேறோ இருக்கும். ஸ்டெப்னி இருக்கும் குழியையும் இருக்கைக்கு அடியில் உள்ள போல்ட்டுகளின் துருவையும் பாருங்கள். கதவைத் திறந்ததும் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால், எந்த வாடையை மறைக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை அணைத்துவிடுங்கள். குறைந்தது அரை மணி நேரம், மேடுபள்ளமான சாலையிலும் வேகமாகப் போகும் சாலையிலும் ஓட்டுங்கள். பின்னால் வண்டி வராத இடத்தில் உயர் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் மட்டும் சத்தம் போட்டு வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது.

வால்வுகளின் இயக்கத்தைப் பிஸ்டனோடு ஒத்திசைக்கும் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று ரசீதோடு கேளுங்கள். பல கார்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டரிலிருந்து மாற்ற வேண்டிவரும், சரியான கணக்கு அந்த மாடலின் கையேட்டில் இருக்கும். ஓடும்போது அது அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வுகளை மோதி உடைத்துவிடும். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்து, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

நீங்களே பார்த்து முடித்தபின், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கூலி கொடுத்து, வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு விற்பவர் மறுத்தால் கிளம்பிவிடுங்கள். பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்தே ஒரு பெரிய உண்மையை விளக்கினார். 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. வாங்குபவர் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாமல் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலையே கொடுக்க முன்வந்தால், நல்ல கார் வைத்திருப்பவர் விற்காமல் ஒதுங்கிவிடுவார் என்றார். உண்மையிலேயே நல்ல கார் வைத்திருப்பவர் உங்கள் சோதனையை வரவேற்பார். என் மூன்றாவது காரை விற்ற பெரியவர், நான் கேட்கும் முன்பே ஒரு நோட்டை நீட்டினார். ஆயில் கறை படிந்த விரலால் புரட்டிய பக்கங்களில் ஒவ்வொரு ஆயில் மாற்றமும் தேதியோடு இருந்தது. “இடது பக்கக் கண்ணாடி மோட்டார் சில நாள் மக்கர் பண்ணும் தம்பி” என்று அவராகவே சொன்னார். அதற்குப் பிறகு விலை பேச ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆவணத்தில் இருக்கும் எழுத்தும் இலக்கமும் சேர்ந்து 17 இடங்கள் கொண்ட சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருக்கும் எண்ணும் ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்போக வேண்டும். பதிவுச் சான்றில் இருக்கும் பெயர் உங்கள் எதிரில் நிற்பவருடையதா, கடன் பாக்கி தீர்ந்ததற்கு எழுத்துச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். அதே எண்ணைக் கொண்டு, தயாரிப்பாளர் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டிய குறை ஏதும் பாக்கி உள்ளதா என்றும் விசாரியுங்கள். தகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் தயாரித்த பழுதான காற்றுப்பைகளுக்காக உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பொதுவாக அந்த வேலையைக் கட்டணமின்றிச் செய்துகொடுப்பார்கள்.

முழுப் பணத்தையும் கொடுக்கும் முன் இரண்டாவது சாவியை வாங்கி, அதைக் கொண்டு ஒருமுறை கதவைத் திறந்து, வண்டியை ஸ்டார்ட் செய்து பாருங்கள்.