தொழில் கேள்வி–பதில்: ஐந்து பொதிகளும் ஒரு கட்டத்தாளும்

கேள்வி: ஹட்டனில் நாளொன்றுக்குச் சுமார் 300 தேயிலைப் பொதிகளை நிரப்பி விற்கிறேன். 100 கிராம் பொதிகளின் நிறை ஒத்துவருவதில்லை. குறைந்தால் உடனே இயந்திரத்தின் அளவைக் கூட்டவும், கூடினால் குறைக்கவும் பணியாளரிடம் சொல்லியிருக்கிறேன். அப்படியும் நிலைமை மோசமாகிறது. குறைபாடுகளைக் குறைக்கும் ‘சிக்ஸ் சிக்மா’ என்ற தர முறையில் பயிற்சி பெற்றால் சரியாகுமா?

பதில்: பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் பணியாளருக்கு இட்ட அந்தக் கட்டளையைத் திரும்பப் பெறுங்கள், நிலைமையைக் கெடுப்பது பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். ஒழுங்காக ஓடும் இயந்திரத்திலும் பொதிக்குப் பொதி இரண்டொரு கிராம் ஏறி இறங்கும். தற்செயலாக 2 கிராம் குறைந்த ஒரு பொதிக்காக அளவைக் கூட்டினால், அடுத்த பொதியின் இயல்பான ஏற்ற இறக்கம் அந்தக் கூட்டலின் மேல் போய்ச் சேரும். ஒவ்வொரு பொதிக்கும் இவ்வாறு திருத்திக்கொண்டே போனால் நிறையின் நியம விலகல், அதாவது அலைவின் அளவு, ஏறத்தாழ 1.4 மடங்காகிவிடும். அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் டெமிங், புனல் வழியே கோலிக்குண்டுகளை விழச்செய்து இதைத் தம் வகுப்புகளில் கண்முன்னே காட்டிவந்தார்.

இயல்பான அலைவு எது, புதிதாக ஏதோ நுழைந்ததால் வந்த மாற்றம் எது என்று பிரித்தறிவதற்கு, பெல் தொலைபேசிக் குழுமத்தின் ஷூஹார்ட் 1924இல் ஒரு வரைபடத்தை வகுத்தார். அதற்குத் தராசும் கட்டத்தாளும் போதும். அரை மணிக்கொரு முறை, அடுத்தடுத்து வரும் ஐந்து பொதிகளை நிறுத்து, அவற்றின் சராசரியையும், மிகக் கூடிய நிறைக்கும் மிகக் குறைந்த நிறைக்கும் உள்ள வித்தியாசத்தையும் குறியுங்கள். இயந்திரத்தின் அளவைத் தொடாமலே இதை இருபத்தைந்து முறை செய்து, அந்த வித்தியாசங்களின் சராசரியை, ஐந்து பொதிகளுக்கென்று வகுத்த எண்ணாகிய 0.577ஆல் பெருக்குங்கள். வரும் தொகையை எல்லாப் பொதிகளின் பொதுச் சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை, அதிலிருந்து கழித்தால் கீழ் எல்லை. பொதுச் சராசரி 101 கிராமும் வித்தியாசத்தின் சராசரி 4 கிராமும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பொதிகளின் சராசரி 98.7 முதல் 103.3 வரை அலைவது இயல்பே. அந்த எல்லையைத் தாண்டும்போதுதான் காரணத்தைத் தேட வேண்டும். உங்களுடையது கிண்ண அளவால் நிரப்பும் இயந்திரமானால், தேயிலையின் ரகம் மாறியதா என்று முதலில் பாருங்கள். பிஓபி என்ற பருமனான ரகத்துக்குப் பொருத்திய கிண்ணத்தில் டஸ்ட் என்ற மிக நுண்ணிய ரகம் விழுந்தால் தூள் நெருங்கி அமர்ந்து நிறை கூடிவிடும்.

அந்த இயல்பான அலைவே உங்களுக்கு ஒவ்வாத அளவு பெரிதாக இருந்தால், அதற்குப் பொறுப்பு இயந்திரத்தை மாற்றும் அதிகாரம் உள்ள உங்களுடையது, பணியாளருடையதன்று. (கொழுந்து நிறுக்கும் இடம் தொட்டு, நம் மலைநாட்டில் ஏச்சு வாங்குபவர் எப்போதும் தராசருகே நிற்பவர்தான்.)

சிக்ஸ் சிக்மா 1986இல் மோட்டோரோலாவில் உருவானது. பத்து இலட்சத்துக்கு 3.4 குறைபாடுகள் என்பது அதன் பெயர்பெற்ற இலக்கு. ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்தாலும் நீங்கள் பத்து இலட்சம் பொதிகளைத் தொடப் பதினொரு ஆண்டுகள் செல்லும். சான்றிதழ் அதுவரை காத்திருக்கலாம்.

கேள்வி: கொட்டகலையில் பெப்ரவரி முதலாம் திகதி பொதியிடும் கூடம் ஒன்றைக் கட்டத் தொடங்குகிறேன். அத்திவாரத்துக்கு 2 வாரம், சுவருக்கு 3, கூரைக்கும் மின்னிணைப்புக்கும் 3. அதன்பின் இயந்திரத்துக்கு ஓடர் கொடுத்தால் வந்து சேர 9 வாரம், பொருத்த 1 வாரம். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் திறக்க, மேசன்மாருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு கொடுத்து வேலையை விரைவுபடுத்தலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் வரிசைப்படி வேலை 18 வாரம் நீண்டு, தென்மேற்குப் பருவமழையோடு ஜூன் முதல் வாரத்தில்தான் முடியும். இயந்திரம் வந்து சேரக் கட்டடம் எழும்பியிருக்க வேண்டியதில்லை. பொருத்துவதற்குத்தான் கட்டடம் வேண்டும். ஆகவே இயந்திரத்துக்கு முதல் நாளே ஓடர் கொடுத்தால், 9 வாரமும் பொருத்தும் 1 வாரமும் சேர்ந்து பத்தாவது வாரத்தில், அதாவது ஏப்ரல் 12ஆம் திகதியளவில், கூடம் தயாராகிவிடும். 1957இல் டியூபோன்ட் நிறுவனத்துக்காக வகுக்கப்பட்ட தீர்வுப் பாதை முறை (Critical Path Method) சொல்வது இதைத்தான்: மிக நீண்ட தொடர் எதுவோ, முடியும் நாளை அதுவே தீர்மானிக்கிறது. இங்கே அந்தத் தொடர் இயந்திரம். 8 வாரக் கட்டட வேலை ஒரு வாரம் பிந்தினாலும் திறப்பு நாள் நகராது. ஆகையால் மேசன்மாருக்குக் கொடுக்கும் மேலதிகப் பணத்தால் ஒரு நாள்கூட மிச்சமாகாது. இயந்திரம் அனுப்புபவரோ ஒரு நாள் பிந்தினால் திறப்பும் ஒரு நாள் பிந்தும். முற்பணம் இரண்டு மாதம் முடங்குமே என்று தயங்குவீர்கள்; அந்த வட்டியையும், ஏப்ரலிலிருந்து ஜூன் வரை விற்பனையின்றிப் போகும் எட்டு வாரங்களையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்.