பனீருக்குத் தீர்ப்பு, வியட்நாமுக்குத் தண்டனை

கேள்வி: குடும்பத்தோடு வியட்நாம் போய் டா நாங் நகரில் நான்கு நாள் தங்கினோம். கடற்கரையும் டிராகன் பாலமும் அருமை. சாப்பாடுதான் மோசம். இந்திய ஓட்டல் பஃபே இல்லையென்றால் பட்டினி கிடந்திருப்போம். தெருக்கடைகளில் என்ன இறைச்சி என்றே தெரியவில்லை, வாடை வேறு. இந்தச் சாப்பாட்டை ஏன் இப்படித் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்? (பாலத்தருகே எடுத்த படம் இணைத்துள்ளேன்.)
- வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: நான்கு நாளும் சாப்பிட்டது பனீர் பட்டர் மசாலா. மார்க் போட்டது வியட்நாம் சமையலுக்கு. நல்ல பரீட்சை ஐயா!

வாடையிலிருந்தே தொடங்குவோம். டா நாங் நகரின் வடக்கு ஓரத்தில் 'நாம் ஓ' என்றொரு மீனவர் ஊர் இருக்கிறது. நெத்திலியையும் உப்பையும் சேர்த்து மாதக்கணக்கில் ஊறவைத்து மீன் சாறு இறக்குவதில் பேர்போன ஊர். அதே நெத்திலியைத் தெளிவாக வடிக்காமல் கூழாக வைத்துக்கொண்டால் அதற்கு 'மாம் நெம்' என்று பெயர். உங்களைத் துரத்தியது பெரும்பாலும் அந்த மாம் நெம்தான். மல்லிப்பட்டினத்துக் கருவாடு உங்கள் தெருவில் கொதித்தால் மணம், நாம் ஓ நெத்திலி ஊறினால் வாடையா?

இறைச்சி விஷயத்தில் உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் பெரிய ஓட்டலின் எட்டுப் பக்க மெனுவைவிட அங்கே தெருக்கடைப் பலகை தெளிவு. பல கடைகளில் ஒரே பண்டம்தான் விற்பார்கள், அதையே பலகையிலும் எழுதியிருப்பார்கள். 'போ' என்றால் மாடு, 'ஹேயோ' என்றால் பன்றி, 'தோம்' என்றால் இறால். கோழிக்கும் மீனுக்கும் மட்டும் நம் எழுத்து கைகொடுக்காது, இரண்டும் 'கா'. ஆங்கில ஜி எழுத்தில் தொடங்கினால் கோழி, சி எழுத்தில் தொடங்கினால் மீன். கோழி என்று எழுதியிருந்தாலும் சாறு பன்றி எலும்பில் கொதித்ததாக இருக்கக்கூடும். அது ஆகாதென்றால் 'சாய்' என்று எழுதிய கடைக்குப் போங்கள். சாய் என்றால் சைவம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே பலர் சைவம்தான். நம் அமாவாசை, பௌர்ணமி போல. இதை ஓட்டல் வரவேற்பறையில் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார்கள்.

இனி, நீங்கள் தவறவிட்டது. காலையில் அந்த ஊர் உட்காருவது மீ குவாங் என்ற நூடுல்ஸ் கிண்ணத்தின் முன்னால். குவாங் என்பது குவாங் நாம் மாகாணம். 1997இல் டா நாங் அதிலிருந்து பிரிந்தது. 2025 ஜூலையில் அந்த மாகாணமே டா நாங்கோடு சேர்ந்துவிட்டது. பிரிந்தபோதும் கிண்ணம் ஒன்றுதான், சேர்ந்தபோதும் ஒன்றுதான். பட்டையான அரிசி நூடுல்ஸ், பல கடைகளில் மஞ்சள் சேர்த்தது. சூப் போல முங்க முங்க ஊற்றமாட்டார்கள். அடியில் நான்கு கரண்டி, அதுவும் சுண்டக் காய்ச்சிய சாறு. மேலே இறாலோ கோழியோ, வறுத்த வேர்க்கடலை, சீவிய வாழைப்பூ, கைநிறையக் கீரை. கூடவே எள் தூவிச் சுட்ட பெரிய அரிசி அப்பளம். அதை உள்ளங்கையால் நொறுக்கிக் கிண்ணத்தில் போட்டு, எலுமிச்சை பிழிந்து, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிடவேண்டும். அரிசி, மஞ்சள், கடலை, வாழைப்பூ, அப்பளம். இதில் எது ஐயா உங்களுக்கு அந்நியம்? விலை, இடத்தைப் பொறுத்து முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் டோங். ஆயிரங்களைக் கேட்டுப் பதறவேண்டாம், நம் காசில் நூற்றுச் சொச்சம்தான்.

மாலையில் பான் ஸேயோ, அரிசி மாவில் சுடும் முறுகல் தோசை. ஸேயோ என்பது மாவு எண்ணெயில் விழும் சத்தம், நாம் தோசைக்கு 'சொய்ங்' என்று பேர் வைத்தால் எப்படியோ அப்படி. நான் போன கடையில் ஒரு அம்மா வரிசையாக ஏழெட்டு சின்ன வாணலிகளை அடுப்பில் வைத்திருந்தார். கடைசி வாணலியில் மாவை ஊற்றி முடிக்கும்போது முதல் வாணலி முறுகியிருக்கும், மடித்து எடுத்துவிட்டு மறுபடி அங்கிருந்து தொடங்குவார். அந்த முறுகலை அரிசித் தாளில் வைத்து, கீரையும் பச்சை வாழைக்காய்த் துண்டும் சேர்த்துச் சுருட்டி, கடலைச் சாந்தில் தோய்த்துச் சாப்பிடவேண்டும். (சாந்தில் பன்றி ஈரல் சேர்ப்பது வழக்கம், அதையும் சொல்லிவிடுகிறேன்.) கூடவே குச்சியில் சுட்ட இறைச்சி ஒரு கட்டு வைத்தார்கள். கேட்காததை வைக்கிறார்களே என்று முதலில் எரிச்சல். முடிவில் காலிக் குச்சியை மட்டும் எண்ணிக் காசு வாங்கினார்கள். மீதியை எடுத்துக்கொண்டு போனார்கள், முகம் சுளிக்கவில்லை.

மொழி தெரியாதே என்பீர்கள். கடைக்கார அம்மாவை அங்கே 'சி ஓய்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதாவது 'அக்கா!'. இன்னும் மூத்தவர் என்றால் 'கோ ஓய்', கிட்டத்தட்ட 'அத்தை!'. பேரம் பேசும்போதுகூட உறவுமுறை வைத்தே பேசும் ஊரில், தஞ்சாவூர்க்காரருக்கு வழி தெரியாமல் போனது எனக்கு ஆச்சரியம்தான்.

அடுத்த முறை முகவரியில் எண்ணுக்கு முன்னால் 'கே' எழுத்து இருந்தால், அது சந்து. 'கியெட்' என்பதன் சுருக்கம். டாக்சி பெரும்பாலும் உள்ளே போகாது, நீங்கள் போங்கள். கூட்டம் இருக்கும் கடை, கண்ணெதிரே கொதிக்கும் சாறு, இந்த இரண்டையும் பார்த்து உட்கார்ந்தால் வயிற்றுக்குப் பெரும்பாலும் பயமில்லை. கோன் சந்தைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினால் பாதி ஊரைச் சாப்பிட்டுவிடலாம்.

நீங்கள் அனுப்பிய படம் நன்றாக இருக்கிறது. 666 மீட்டர் பாலத்து டிராகனில் வால் மட்டும்தான் விழுந்திருக்கிறது, பரவாயில்லை. உங்கள் இடது தோளுக்குப் பின்னால், நடைபாதையில், முழங்கால் உயர பிளாஸ்டிக் ஸ்டூலில் ஒரு பாட்டி உட்கார்ந்து கிண்ணத்துக்கு மேல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்கிறார். நீங்கள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிரிக்கிறீர்கள்.