'நிழல்' என்று பெயர் வைக்கலாமா?

வணக்கம். கணினியில் இரண்டு மூன்று முறை சேர்ந்துவிட்ட ஒரே புகைப்படத்தைத் தேடிக் காட்டும் கட்டற்ற மென்பொருள் ஒன்றை நானும் இரு நண்பர்களும் எழுதிவருகிறோம். 'நிழல்' என்று பெயர் வைத்தோம். பெயரைப் பார்த்தால் வேலை விளங்கவில்லை என்கிறார் ஒரு நண்பர். 'படநீக்கி' என்று மாற்றிவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'படநீக்கி' வேண்டாம். உங்கள் மென்பொருள் படங்களைக் கண்டுபிடித்துக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. குழந்தையின் படங்களை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பவர் 'நீக்கி' என்று பார்த்ததும் அதை நிறுவவே அஞ்சுவார். செய்யாத வேலையைச் சொல்லும் பெயர், ஒன்றுமே சொல்லாத பெயரைவிடக் கெடுதல்.

பெயரே வேலையைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. லினக்ஸ் கணினிகளுக்கான திரைமுகப்பை உருவாக்கும் க்னோம் திட்டத்தார் 2012-இல் தங்கள் கோப்பு மேலாளரின் 'நாட்டிலஸ்' என்ற பெயரை 'ஃபைல்ஸ்' என்று மாற்றினார்கள். பட்டியலில் பார்ப்பவருக்கு உடனே புரிகிறது, உண்மைதான். ஆனால் அதில் ஒரு பிழை வந்து இணையத்தில் தேடினால் உலகத்திலுள்ள கோப்புகள் எல்லாம் வந்து நிற்கும். அதன் மூலநிரல் இன்றும் நாட்டிலஸ் என்ற பெயரில்தான் இருக்கிறது.

'நிழல்' அழகான சொல். எனக்குள்ள கவலை வேறு. மென்பொருளின் பெயரைப் பயனர் முனையத்தில், அதாவது கட்டளைகளை எழுதி இயக்கும் சாளரத்தில், ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். ழகரத்துக்கு ஒருவர் இசட், எச் என்று இரண்டெழுத்து போடுவார். இன்னொருவர் எல் போட்டுவிட்டு, 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்ற பதிலைப் பார்த்துத் திகைப்பார். 'நகல்' பொருந்துமே என்று யோசித்தேன்; அங்கே ககரத்துக்கு கே-யா ஜி-யா என்ற குழப்பம். மனத்திலிருக்கும் பெயர்களை மூன்று பேருக்குத் தொலைபேசியில் சொல்லி, எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மூவரும் ஒரே மாதிரி எழுதும் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒரே படத்தின் பிரதிகளைக் கண்டறியும் மென்பொருள்' என்ற வரி எப்போதும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். நண்பரின் குறை அதில் தீர்ந்துவிடும்.

அந்தப் பெயரில் வேறு மென்பொருள் இருக்கிறதா என்றும் தேடிவிடுங்கள். இன்றைய ஃபயர்ஃபாக்ஸ் 2002-இல் 'ஃபீனிக்ஸ்' என்று வெளிவந்தது. வணிகமுத்திரைச் சிக்கலால் 2003-இல் 'ஃபயர்பேர்ட்' ஆனது. ஏற்கெனவே அதே பெயரில் இருந்த ஒரு கட்டற்ற தரவுத்தளத் திட்டத்தார் எதிர்ப்புத் தெரிவிக்க, 2004-இல் மறுபடியும் மாற்றினார்கள். உங்களுக்கு இன்னும் முதல் வெளியீடே ஆகவில்லை. இப்போது மாற்றினால் மூன்று பேருக்கு ஒரு மாலை வேலை.